கோவை ஞாயிறு போர்டு கேம் கூட்டம்: ஒன்றும் தெரியாமல், 11 வயது மகளோடு வரலாமா?

சரவணம்பட்டி_புதுசு

சரவணம்பட்டிக்குக் குடிவந்து நான்கு மாதம் ஆகிறது. ஆர்.எஸ்.புரத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் சிலர் கூடி போர்டு கேம் ஆடுகிறார்கள் என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். அவரும் போனதில்லை, யாரோ சொல்லக் கேட்டதுதானாம். அந்தக் கூட்டத்து ஆட்கள் யாராவது இங்கே இருந்தால் விவரம் சொல்லுங்களேன்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் கேரம், தாயம், பள்ளி விடுமுறையில் சண்டை போட்டுக்கொண்டே ஆடிய டிரேட், அவ்வளவுதான். மகளுக்கு 11 வயது. தோழி வீட்டில் ஒருநாள் கட்டான் என்று சரக்கு சேர்த்து வீடு கட்டும் ஒரு போர்டு கேம் ஆடிவிட்டு வந்தாள், அன்றிலிருந்து வீட்டில் ஆடு, செங்கல், கோதுமைப் பேச்சுதான். வாங்கித் தரலாம் என்று பார்த்தால் அதற்கு மூன்று பேராவது வேண்டுமாம், வீட்டில் நாங்கள் இருவர்தான்.

எப்போது, எத்தனை மணிக்கு, கட்டணம் எவ்வளவு, குழந்தையைக் கூட்டி வரலாமா, பெண்கள் வருகிறார்களா, ஒன்றும் தெரியாமல் போய் உட்கார்ந்தால் முகம் சுளிப்பார்களா? கடைசிக் கேள்விக்கு மட்டும் உண்மையைச் சொல்லுங்கள். கல்லூரியில் செஸ் ஆடுகிறவர்கள் கூட்டத்துக்கு ஒருமுறை போய், பத்து நிமிடத்தில் தோற்று, மீதி இரண்டு மணி நேரம் வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்பியவள் நான்.

மாடிஹால்

வாங்க வாங்க. கூட்டத்தைக் கவனித்துக்கொள்ளும் மூன்று பேரில் நான் ஒருவன். இடம் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பழைய வீட்டின் மாடி, எங்கள் ஆள் ஒருவரின் மாமனார் வீடு. அதற்கு முன்னால் ஒரு காபிக் கடையில் கூடிக்கொண்டிருந்தோம். ஐந்து பேர், மூன்று காபி, ஆறு மணி நேரம். கடைக்காரர் நல்ல மனிதர், நான்கு வாரம் பொறுத்துக்கொண்டார், ஐந்தாவது வாரம் எங்கள் மேசைக்கு மேலே இருந்த விளக்கை மட்டும் அணைத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது.

எல்லா ஞாயிறும் காலை 10:30 முதல் மாலை 5:30 வரை. பெரியவர்களுக்கு 100 ரூபாய், பள்ளிப் பிள்ளைகளுக்கு 50, முதல் தடவை யாருக்கும் இல்லை. கரண்ட் பில், டீ, கார்டுகளுக்கு பிளாஸ்டிக் உறை, எல்லாம் இதிலிருந்துதான். பதினைந்து இருபது பேர் வருவார்கள், அதில் ஐந்தாறு பேர் பெண்கள், இரண்டு பேர் மாமியார் மருமகள். மாதத்தின் இரண்டாவது ஞாயிறு பிள்ளைகளுக்கென்றே இரண்டு மேசை தனியாகப் போடுவோம், மகளோடு அன்றைக்கு வந்தால் நல்லது. கடைசி ஞாயிறு நீள ஆட்டம், அதற்கு முன்பே பெயர் கொடுக்க வேண்டும். புதன்கிழமை மாலை 7 மணிக்குச் சின்னச் சின்ன ஆட்டங்கள், ஒன்பதரைக்கு முடித்துவிடுவோம்.

முதல் நாள் உங்களை டிக்கெட் டு ரைட் ஆட வைப்போம். 2004இல் வந்த ஆட்டம், ஆளுக்கு 45 குட்டி ரயில் பெட்டிகள், உங்கள் முறை வரும்போது செய்ய வேண்டியது மூன்றில் ஒன்றுதான்: கார்டு எடு, இல்லை பாதையில் ரயில் வை, இல்லை புது டிக்கெட் எடு. ரூல்ஸ் சொல்லப் பத்து நிமிடம் போதும். எங்களிடம் 2011இல் வந்த இந்திய மேப்பும் இருக்கிறது. கராச்சி, லாகூர் எல்லாம் சேர்ந்த பழைய இந்தியா. டிக்கெட்டில் உள்ள இரண்டு ஊர்களை இரண்டு தனிப் பாதைகளில் இணைத்து வட்டமாக்கிவிட்டால் கூடுதல் புள்ளி. ஆனால் அதை இரண்டாவது வாரம் பார்க்கலாம்.

முகம் சுளிப்பு பற்றி: ரூல்ஸ் தெரியாததற்கு யாரும் சுளிக்க மாட்டார்கள். பஜ்ஜி சாப்பிட்ட கையோடு கார்டைத் தொட்டால் எல்லோரும் சுளிப்பார்கள். அட்டைகளை அடுக்கி ஊர் கட்டும் கார்கஸோன் என்ற ஆட்டத்தின் எங்கள் பெட்டியில் 72 அட்டைகள், அதில் ஒன்றின் முதுகில் மட்டும் கட்டைவிரல் அளவுக்கு எண்ணெய்க் கறை. நான்கு பக்கமும் கோட்டையாக வரும் ஒரே அட்டை அது. கவிழ்த்து வைத்தாலும் பழையவர்களுக்கு அது எங்கே இருக்கிறது என்று தெரியும், அதனால் இப்போது எல்லா அட்டைகளையும் ஒரு துணிப் பையில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கிறோம்.

சிவப்பு_எட்டு

அண்ணா சொன்னதெல்லாம் சரி, நேரத்தைத் தவிர. 10:30 என்று எழுதியிருப்பார்கள், முதல் கார்டு மேசையில் விழும்போது மணி பன்னிரண்டு. காரணம் யாரும் தாமதமாக வருவதல்ல, அலமாரியில் இருக்கும் எண்பது பெட்டிக்கு முன்னால் எட்டுப் பேர் நின்றுகொண்டு எனக்கு எதுவானாலும் சரி, உங்களுக்கு எது என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். எதுவானாலும் சரி என்று சொல்கிற ஆள்தான் கடைசியில் எதை எடுத்தாலும் வேண்டாம் என்பார். இரண்டு மாதமாகக் கத்திய பிறகு இப்போது வெள்ளி இரவே வாட்ஸ்அப்பில் எந்த மேசையில் எந்த ஆட்டம் என்று போட்டுவிடுகிறார்கள், கொஞ்சம் தேவலாம். அக்கா நீங்கள் 11 மணிக்கு வந்தால் போதும்.

அப்புறம் கட்டான். பாப்பா வந்ததும் அதைத்தான் கேட்பாள். என்னைக் கேட்டால் முதல் நாள் பெரியவர்களோடு வேண்டாம். அந்த ஆட்டத்தில் பாதி பேரம், இங்கே வருகிறவர்களில் நாலு பேருக்குத் தொழிலே பேரம்தான், ஒரு செங்கல்லுக்கு மூன்று ஆடு வாங்கிவிடுவார்கள். பிள்ளைகள் மேசையில் ஆடினால் சரியாக இருக்கும். அங்கே ஒரு வீட்டு விதி வைத்திருக்கிறோம், முதல் இரண்டு சுற்றில் 7 விழுந்தால், நிலத்து விளைச்சலை முடக்குகிற திருடன் வர மாட்டான், பகடையை மறுபடி உருட்ட வேண்டும். இரண்டு பகடையில் மற்ற எண்களைவிட 7 அதிகம் விழும், 36இல் 6. ஆட்டம் சூடு பிடிக்கும் முன்பே கோதுமையில் திருடன் வந்து உட்கார்ந்து ஒரு பையன் அழுதே விட்டான், அதற்குப் பிறகு வந்த விதி இது.

பாப்பாவிடம் ஒன்று மட்டும் சொல்லி வையுங்கள், முதல் வீட்டை சிவப்பு எழுத்தில் இருக்கும் 6 அல்லது 8 பக்கத்தில் வைக்கச் சொல்லி. பகடையில் அந்த எண் விழுந்தால்தான் அந்த நிலம் சரக்கு தரும், ஒவ்வொன்றும் விழ வாய்ப்பு 36இல் 5. என் பெயரைப் பார்த்தாலே தெரியும் நான் எங்கே வைப்பேன் என்று. அதனால் எட்டு எனக்கு.

படி_ஆறு_மாலை

புதன்கிழமையை மாடிஹால் ஒரே வரியில் கடந்துவிட்டார். என் கணக்கில் இந்தக் கூட்டத்தின் சிறந்த ஆட்டம் புதன்கிழமைதான் நடக்கிறது, அது எந்தக் கடையிலும் கிடைக்காது.

கோட்நேம்ஸ் என்று ஓர் ஆட்டம் இருக்கிறது. 25 சொற்களை ஐந்துக்கு ஐந்தாகப் பரப்பி வைப்பார்கள். இரண்டு அணி, ஒன்றுக்கு 9 சொல், மற்றதற்கு 8, பொதுவில் 7, மீதி ஒன்று கொலைகாரன், அதைத் தொட்ட அணி அங்கேயே அவுட். எந்தச் சொல் யாருடையது என்பது இரண்டு தலைவர்களுக்கு மட்டும் தெரியும். அவர்கள் ஒரு சொல்லும், அது மேசையில் எத்தனை சொல்லுக்கான குறிப்பு என்ற எண்ணும் மட்டும் சொல்லி, தன் அணியைச் சரியான சொற்களைத் தொட வைக்க வேண்டும். ஆங்கிலப் பெட்டியை வைத்து ஆடிப் பார்த்தோம், பாதி சொல்லுக்கு விளக்கம் சொல்லியே நேரம் போனது. பிறகு ஒருவர் வேலை மாறியதால் மிச்சமான பழைய விசிட்டிங் கார்டுகளைக் கொண்டுவந்தார், அவற்றின் பின்பக்கம் ஸ்கெட்ச் பேனாவால் தமிழ்ச் சொற்களை எழுத ஆரம்பித்தோம். இப்போது 310 கார்டு இருக்கிறது.

தமிழில் இது வேறு ஆட்டமாகிவிடுகிறது. படி என்றால் ஏறுகிற படியா, அளக்கிற படியா, புத்தகத்தைப் படிப்பதா? நூல் தைப்பதற்கா வாசிப்பதற்கா? ஓடு வீட்டுக் கூரையிலா, ஆமை முதுகிலா, இல்லை ஓடச் சொல்கிறார்களா? போன மாதம் மேசையில் ஞாயிறு, திங்கள், மாலை மூன்றும் இருந்தன. எங்கள் தலைவர் “வானம், இரண்டு” என்றார். சூரியனும் சந்திரனும் என்பது அவர் கணக்கு. நாங்கள் சாயங்கால வானம் அழகாக இருக்குமே என்று முதலில் மாலையில் விரல் வைத்தோம். அதுதான் கொலைகாரன். ஞாயிறும் திங்களும் கிழமை இல்லையா, வானத்துக்கும் கிழமைக்கும் என்ன சம்பந்தம் என்று நாங்கள் கேட்க, அவர் சங்க இலக்கியம் படித்திருக்கிறீர்களா என்று கேட்க, அன்றைக்கு டீ ஆறிப்போனது.

பெரிய தகராறு வேறு. குறிப்பு ஒரே சொல்லாக இருக்க வேண்டும் என்பது விதி. மழைக்காலம் ஒரு சொல்லா இரண்டா? சேர்த்து எழுதினால் ஒரு சொல் என்று முதலில் முடிவு செய்தோம், அடுத்த வாரமே ஒருவர் தென்மேற்குப்பருவக்காற்று என்று மூச்சு விடாமல் சொல்லிவிட்டு ஒரே சொல் என்றார். இப்போது அகராதியில் தலைச்சொல்லாக இருந்தால்தான் செல்லும், மேசைக்குப் பக்கத்தில் ஒரு தடியான அகராதி எப்போதும் கிடக்கும். மேசையில் உள்ள சொல்லிலிருந்து பிறந்த சொல்லையும் சொல்லக் கூடாது. அப்படியானால் ஆடு என்ற கார்டு மேசையில் இருக்கும்போது ஆட்டம் என்று குறிப்பு தரலாமா? கார்டில் இருப்பது மே என்று கத்துகிற ஆடா, நாம் ஆடுகிற ஆடா? இதற்கு இன்னும் தீர்ப்பு வரவில்லை. தமிழ் ஆசிரியர் யாராவது இதைப் படித்தால் புதன்கிழமை வந்து தீர்த்து வையுங்கள், டீ எங்கள் செலவு.

புதுசு அவர்களே, மகளையும் கூட்டி வாருங்கள். பிள்ளைகள் பெரியவர்களைவிட நன்றாகக் குறிப்பு தருகிறார்கள், அவர்களுக்கு இலக்கியம் குறுக்கே வருவதில்லை. வரும்போது உங்கள் ஊர்ப் பக்கத்துச் சொல் பத்து எழுதிக்கொண்டு வாருங்கள், கார்டு இன்னும் காலி இருக்கிறது.

நூல்மில்

கடைசி ஞாயிறு பற்றி நான் சொல்கிறேன், அந்த மேசைக்குப் பெரும்பாலும் நான்தான் பொறுப்பு. 31 வருடம் ஸ்பின்னிங் மில்லில் மெயின்டனன்ஸ் வேலை, இப்போது ஓய்வு. இந்த மாதம் பிராஸ் லங்காஷயர். நாலு பேர்தான் ஆட முடியும், மூன்று இடம் போய்விட்டது.

2007இல் மார்ட்டின் வாலஸ் போட்ட ஆட்டம். இங்கிலாந்தில் பஞ்சாலைத் தொழில் வளர்ந்த கதை, முதல் பாதியில் கால்வாய் வெட்டுவோம், இரண்டாம் பாதியில் ரயில் போடுவோம். கால்வாய்க் காலம் முடிந்ததும் கால்வாய்களையும் முதல் நிலை ஆலைகளையும் மேசையிலிருந்து எடுத்துவிட வேண்டும், ஆசை ஆசையாகக் கட்டியது கண் முன்னால் போகும். மில் கட்டினால் மட்டும் புள்ளி கிடையாது, நூல் துறைமுகம் வழியாகவோ வெளிச் சந்தைக்கோ விற்க வேண்டும், விற்காத மில் வெறும் கட்டடம். மேப்பில் மான்செஸ்டர் இருக்கிறது. தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று சொல்லிச் சொல்லி வளர்ந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு அசல் மான்செஸ்டரில் மில் வைப்பதில் எனக்கு ஒரு அல்ப சந்தோஷம். ஒன்றுதான் குறை, அந்த ஆட்டத்தில் மின்வெட்டு இல்லை. 2012இல் இங்கே மில் ஓட்டியவனைக் கேட்டால் அதற்கு ஒரு தனிக் கார்டுக் கட்டே போட்டுத் தருவான்.

அம்மா, நீங்கள் இதற்குப் பெயர் கொடுக்காதீர்கள், கோபித்துக்கொள்ளாதீர்கள். முதல் தடவை வருகிறவரை நீள ஆட்டத்தில் உட்கார வைக்கக் கூடாது என்று சண்டை போட்டு விதி கொண்டுவந்தது நான்தான், காரணமும் நான்தான். போன வருடம் ஒரு தம்பி முதல் நாள் வந்தார், ஆர்வமாக இருக்கிறாரே என்று உட்கார வைத்து ரூல்ஸ் சொல்ல ஆரம்பித்தேன். ஐம்பது நிமிடம் சொன்னேன். கடன் வாங்கினால் வருமானம் எப்படி இறங்கும் என்ற இடத்தில் டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனார். இன்னும் வரவில்லை.

இப்போது எப்படிச் சொல்வது என்று கற்றுக்கொண்டேன். ஜெயிப்பது எப்படி என்பதை முதல் வாக்கியத்தில் சொல்லிவிட வேண்டும், மீதியை ஆட ஆடத்தான் சொல்ல வேண்டும். நான்கு மாதம் சின்ன ஆட்டங்கள் ஆடிவிட்டு வாருங்கள், இடம் வைத்திருக்கிறேன்.

புளியங்கொட்டை

யாரும் ஏகாதசி இரவைச் சொல்லவில்லை பாருங்கள், எல்லோருக்கும் வெளிநாட்டு ஆட்டப் பெட்டி மேல்தான் கண்.

மார்கழியில் வைகுண்ட ஏகாதசி அன்று இரவு முழுக்கக் கூட்டம் உண்டு, வருடத்தில் அந்த ஒரு இரவுதான் மாமனார் மாடியைத் திறந்து வைக்கச் சம்மதிப்பார். கண் விழிப்பதற்காக விடிய விடிய பரமபதமும் தாயமும் ஆடுவது நம் வீடுகளில் இருந்த பழக்கம்தானே, அதைத்தான் செய்கிறோம். இரவு 9 மணிக்கு ஆரம்பம். ஒரு மூலையில் பரமபதம், ஒரு மூலையில் தாயம், பல்லாங்குழி, ஆடு புலி ஆட்டம், நடு ஹாலில் இவர்களுடைய பெட்டிகள். விடியற்காலை காரமடைக்குச் சொர்க்கவாசல் பார்க்கப் போகிறவர்கள் ஒரு வேனில் கிளம்பிவிடுவார்கள், மற்றவர்கள் பாயில் சாய்ந்துவிடுவார்கள்.

பழைய ஆட்டம் என்றால் சுலபம் என்று நினைக்கிறார்கள். ஆடு புலியில் 3 புலி, 15 ஆடு. புலியாக ஆடினால் ஜெயித்துவிடலாம் என்றுதான் எல்லோரும் புலியைக் கேட்பார்கள். ஆட்டை அவசரப்படாமல் இறக்கத் தெரிந்த ஆள் எதிரே இருந்தால் புலி மூலையில் நின்று வாலைச் சுருட்டிக்கொள்ளும். பல்லாங்குழியில் ஒரு பக்கத்துக்கு ஏழு குழி, அதில் மாற்றமில்லை, மற்ற எல்லாமே வீட்டுக்கு வீடு வேறு. எங்கள் பாட்டி குழிக்கு ஐந்து முத்து வைப்பாள், நான்கு சேர்ந்தால் பசு என்று குழிக்காரி எடுத்துக்கொள்வாள். பொள்ளாச்சியிலிருந்து வருகிற அக்கா வீட்டில் ஆறாம். எந்த வீட்டு விதி என்று முதலில் பேசி முடிக்கவில்லையென்றால் ஏகாதசி பல்லாங்குழியிலேயே விடிந்துவிடும்.

தாயம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இரண்டு பித்தளைக் கட்டை, ஒவ்வொன்றிலும் 0, 1, 2, 3. இரண்டிலும் வெறும் பக்கம் வந்தால் பன்னிரண்டு. காயை இறக்கத் தாயம், அதாவது மொத்தம் ஒன்று, விழ வேண்டும். போன வருடம் ஐடி கம்பெனித் தம்பி ஒருவர் 22 முறை உருட்டியும் தாயம் விழவில்லை, கட்டையில் ஏதோ கோளாறு என்று சொல்லி போனை எடுத்துக் கணக்குப் போட்டார். 16இல் 2 தான் தாயம், 22 முறையும் விழாமல் போக ஏறக்குறைய இருபதில் ஒரு வாய்ப்பு உண்டு, அதனால் கட்டையில் கோளாறு இல்லை என்று அவரே சொல்லிவிட்டுப் பேசாமல் உருட்ட ஆரம்பித்தார். சிவப்பு எட்டுக்காகச் சொல்கிறேன், உன் 36இல் 5ம் எங்கள் தாயமும் கிட்டத்தட்ட ஒன்றுதான் கண்ணு. நாங்கள் கட்டையைத் தரையில் உருட்டுகிறோம், நீ பகடையை ஒரு டப்பாவில் உருட்டுகிறாய், அவ்வளவுதான்.

மாடிஹால்

புதுசு அவர்களும் மகளும் பிள்ளைகள் ஞாயிறு அன்று வந்துவிட்டுப் போனார்கள், நன்றி. ஒரு சின்ன விஷயம். மூடும்போது டிக்கெட் டு ரைட் பெட்டியை எண்ணினோம், மஞ்சளில் 44 தான் இருக்கிறது. ஒவ்வொரு நிறத்துக்கும் 3 உதிரி வரும், மஞ்சளின் மூன்றும் எப்போதோ போய்விட்டன. அன்று மஞ்சளில் ஆடியவர்கள் பை, சட்டைப் பாக்கெட் பார்த்துச் சொல்லுங்கள். யாரையும் குற்றம் சொல்லவில்லை, பச்சையில் ஒன்று டீ டம்ளருக்குள் கிடைத்த வரலாறும் உண்டு.

வரும் வெள்ளி மாலை 6 மணிக்கு அலமாரி வேலை: உறை போடுவது, கிழிந்த பெட்டிக்கு மூலை ஒட்டுவது, டோக்கன் எண்ணுவது. கத்தரிக்கோல் இருப்பவர்கள் கொண்டு வாருங்கள்.

சரவணம்பட்டி_புதுசு

மஞ்சளில் ஆடியது என் மகள். நேற்று ஜீன்ஸைத் துவைக்கப் போடும்போது கால் மடிப்புக்குள்ளிருந்து விழுந்தது, மன்னிக்கவும், புதன்கிழமை கொண்டு வருகிறேன். ஆறு பெட்டிப் பாதையில் எனக்கு முன்னால் ரயில் வைத்து 15 புள்ளி வாங்கிக்கொண்டு, அம்மா நீ இன்னும் கார்டு சேர்க்கிறாயா என்று கேட்டாள். சொல்லித்தந்த அண்ணன் அப்போது ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்ததை நான் பார்த்தேன்.

கட்டானும் ஆடினாள், சிவப்பு எட்டு தம்பி சொன்னபடி 8 பக்கத்தில்தான் வீடு வைத்தாள், பதினைந்து நிமிடம் எட்டே விழவில்லை. அவரைத் தேடிக்கொண்டிருக்கிறாள்.

எங்கள் பக்கத்துச் சொல் பத்தும் எழுதி வைத்திருக்கிறேன், அதில் மூன்றுக்கு மகளுக்கே அர்த்தம் தெரியவில்லை. ஏகாதசி இரவுக்கு எங்கள் இருவர் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள். அம்மாவின் பித்தளைத் தாயக்கட்டை ஒரு ஜோடி பெட்டியில் இருக்கிறது, எடுத்து வரவா?

புளியங்கொட்டை

எடுத்து வா சாமி. பாயும் ஒன்று கொண்டு வா, இங்கே இருப்பது போதாது.